கோடு, பரப்பு, பொருள்: உள்ளகக் கட்டடக்கலை மாணவரின் வடிவமைப்பு மென்பொருள் தேர்வு – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

உள்ளகக் கட்டடக்கலை பயிலும் மாணவர் எந்த வடிவமைப்பு மென்பொருளைக் கற்க வேண்டும் என்னும் வினாவுக்கு விலை, எளிமை, வேலைவாய்ப்பு ஆகியவற்றை முன்வைத்தே பெரும்பாலும் விடை கூறப்படுகிறது. வரைபடம் என்பது யாது என்பது பற்றிய வெவ்வேறு கருத்தாக்கங்கள் அவ்வினாவின் பின்னணியில் உள்ளன. அவை 1963 முதல் தனித்தனிச் சூழல்களில் உருப்பெற்று, 2000-ஆம் ஆண்டில் மாணவர்முன் ஒருங்கே வந்து நின்ற வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. உரிமக் கொள்கைகளும் கோப்பு வடிவங்களும் அத்தேர்வின் எல்லையை வகுத்த முறையும், அதனால் மாணவர் படைப்புகளின் ஆவணத்தன்மைக்கு நேர்ந்துள்ள இடரும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உள்ளகக் கட்டடக்கலை, கணினிவழி வடிவமைப்பு, ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட், கோப்பு வடிவம், கல்வி உரிமம்.

முன்னுரை

உள்ளகக் கட்டடக்கலை என்னும் துறை, தமிழ்ச் சூழலில் ‘உள் அலங்காரம்’ என்னும் வழக்குச்சொல்லால் குறுக்கப்பட்டே பெரிதும் அறியப்படுகிறது. அலங்காரம் என்பது முடிந்த அறைக்குள் பொருள்களை அமைப்பது. உள்ளகக் கட்டடக்கலையோ ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தின் உள்வெளியை மாற்றியமைப்பது. தடுப்புச்சுவர், மேற்கூரையின் உட்தளம், ஒளி, மரவேலை, தளப்பரப்பு ஆகியவற்றை அளவோடு வரைந்து கட்டுவிப்பது. இவ்வேறுபாடு மென்பொருள் தேர்வில் நேரடியாகப் பங்கு வகிக்கிறது. முழுக் கட்டடத்தையும் அடித்தளத்திலிருந்து எழுப்புவதற்கென உருவான மென்பொருளும், எந்திர உறுப்புகளின் கோட்டு வரைபடத்தைத் தழுவிய மென்பொருளும், திரைப்படக் காட்சிக்கென வளர்ந்த மென்பொருளும் இத்துறையில் பயன்படுத்தப்படுகின்றன. இத்துறையை மட்டுமே கருதி உருவாக்கப்பட்ட மென்பொருள் எதுவும் கல்விக்கூடங்களில் நிலைபெறவில்லை. பிற துறைகளுக்கென எழுதப்பட்ட கருவிகளுள் ஒன்றைத் தேர்ந்து தன் தேவைக்கேற்ப வளைத்துக்கொள்ளும் நிலையிலேயே மாணவர் தொடர்ந்து இருந்துவருகிறார்.

கணினிவழி வடிவமைப்பின் வரலாறு பெரும்பாலும் பொறியியல் நோக்கிலேயே எழுதப்பட்டுள்ளது. கற்பவரின் நிலையிலிருந்து அதனை நோக்கினால் வேறு செய்திகள் முன்னிற்கின்றன. இக்கட்டுரை அந்நோக்கில் அமைகிறது.

ஸ்கெட்ச்பேடு விட்டுச்சென்றது

இவ்வரலாற்றின் தொடக்கம் ஒரு முனைவர்பட்ட ஆய்வு என்பது ஆய்வு மாணவர்களின் கவனத்துக்குரியது. இவான் சதர்லேண்டு 1963-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அளித்த ஆய்வேடே ஸ்கெட்ச்பேடு. லிங்கன் ஆய்வகத்தில் இருந்த டி.எக்ஸ்-2 என்னும் கணினியில் ஒளிப்பேனாவைக் கொண்டு திரைமேல் நேரடியாக வரையும் முறையை அது செய்துகாட்டியது. ஆய்வின் நெறியாளர் கிளாட் ஷானன் ஆவார்.

ஸ்கெட்ச்பேடின் சிறப்பு திரைமேல் கோடு வரைந்தது மட்டுமன்று. இரு கோடுகள் இணையாக இருத்தல் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்குச் செங்குத்தாக நிற்றல் வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகளை வரைபவர் விதிக்கலாம். ஒரு கோட்டை நகர்த்தினால் விதிக்கப்பட்ட உறவு குலையாதவாறு ஏனையவை தாமே இடம்பெயரும். ஒரு மூலவடிவத்தை வரைந்து, அதன் படிகளைப் பல இடங்களில் வைத்து, மூலத்தை மாற்றினால் படிகள் அனைத்தும் மாறுமாறு செய்யவும் அதில் வழியிருந்தது. வரைபடத்தைத் தாளில் விழுந்த மையாகக் கருதாமல் உறவுகளின் தொகுப்பாகக் கருதியதே இதன் உட்கிடை.

இக்கருத்து மாணவர் கைக்கு வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. மாணவர் உலகில் மிகப் பரவலாக அறியப்பட்ட ஆட்டோகேடில், வடிவவியல் கட்டுப்பாடுகளை விதிக்கும் வசதி 2009-இல் வெளிவந்த ஆட்டோகேட் 2010 பதிப்பில்தான் இடம்பெற்றது. இடைப்பட்ட நாற்பத்தாறு ஆண்டுகள் தொழில்நுட்பத் தாமதம் மட்டுமல்ல. எளிய விலையில் கிடைத்த தனிநபர் கணினிக்குள் அடங்க வேண்டியிருந்ததால், வரைபடம் மீண்டும் வெறுங்கோடாகச் சுருங்கியது என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

கோட்டின் ஆட்சி

ஆட்டோடெஸ்க் நிறுவனம் 1982-இல் ஜான் வாக்கரும் அவருடைய தோழர்களும் சேர்ந்து கலிபோர்னியாவில் தொடங்கியது. மைக் ரிடில் எழுதிய இன்டராக்ட் என்னும் நிரலிலிருந்து வளர்ந்த ஆட்டோகேட், அந்நிறுவனம் தொடக்கத்தில் உருவாக்க எண்ணிய பல மென்பொருள்களுள் ஒன்றே. அவ்வாண்டு நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற காம்டெக்ஸ் கண்காட்சியில் அது பெற்ற வரவேற்பே நிறுவனத்தின் போக்கைத் தீர்மானித்தது. பெருங்கணினிகளில் இயங்கிய அக்கால வடிவமைப்பு அமைப்புகளைப் பெரிய நிறுவனங்களே வாங்க இயன்றது. மேசைமேல் வைக்கும் கணினியில் இயங்கும் ஒன்று சிறிய அலுவலகங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் எட்டியது.

ஆட்டோகேடின் கருத்துலகம் வரைபலகையின் கருத்துலகமே. டிரேசிங் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஒன்றில் சுவரும் மற்றொன்றில் மின்கம்பியும் வரைந்த பழக்கம் அதில் ‘லேயர்’ ஆயிற்று. அச்சுத்தகட்டில் வெட்டிய துளை வழியே கழிப்பறைக்கலமும் நாற்காலியும் வரைந்த பழக்கம் ‘பிளாக்’ ஆயிற்று. இதனால் வரைபலகையில் பயின்ற ஆசிரியர் அதனை எளிதில் ஏற்றுக்கொண்டார். எனினும் இரு இணைகோடுகளைச் சுவர் என்று அறிந்தவர் வரைந்தவரே, மென்பொருள் அறியாது. தளப்படத்தில் கதவை ஒரு சாண் நகர்த்தினால், வெட்டுமுகப்படத்திலும் நிமிர்படத்திலும் அதனை மாணவரே தேடிச் சென்று நகர்த்த வேண்டும்.

இக்குறை இருந்தும் கோட்டு வரைபடம் உள்ளகத் துறையில் நிலைத்தமைக்கு வலுவான காரணம் உண்டு. அதனைப் படிப்பவர் தச்சர். அவருக்கு வேண்டுவது முன்னங்கூட்டி எழுதிய அளவுகளோடு கூடிய தாள். 18 மி.மீ. பிளைவுட்டின் இருபுறமும் 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் பலகை 20 மி.மீ. ஆகிவிடும் என்பதும், அதனால் இழுப்பறையின் உள்ளகலம் எவ்வளவு குறையும் என்பதும் ஐந்தில் ஒரு பங்கு அளவுகோலில் வரைந்த வெட்டுமுகப்படத்தில் தெளிவாகும். அழகிய முப்பரிமாணக் காட்சியில் தெளிவாகாது. ஆட்டோகேடைப் ‘பழையது’ என ஒதுக்கும் இன்றைய போக்கு, வரைபடத்தின் வாசகர் யார் என்பதை மறந்த போக்கு என்றே கூறத் தோன்றுகிறது.

தமிழகத்திலும் இக்கருவி கல்லூரி வழியே மட்டும் வரவில்லை. 1980-களின் இறுதியில் சென்னையில் தொடங்கிப் பின்னர் பல ஊர்களுக்கும் பரவிய கேட் சென்டர் போன்ற தனியார் பயிற்சி மையங்கள் இதில் பெரும்பங்கு வகித்தன. வடிவமைப்பு ஓரிடத்திலும் மென்பொருள் வேறோரிடத்திலும் கற்பிக்கப்பட்ட இவ்வமைப்பு, மென்பொருளைக் கருத்தாக்கமாக அல்லாமல் கட்டளைகளின் பட்டியலாகக் கற்கும் பழக்கத்தை வளர்த்தது. அப்பழக்கத்தின் விளைவுகள் தனி ஆய்வுக்குரியன.

பொருளாகச் சுவர்

வரைபடமே தேவையில்லை என்னும் எதிர்க்கருத்தும் நெடுங்காலமாக இருந்துவந்தது. சார்லஸ் ஈஸ்ட்மன் 1970-களின் நடுப்பகுதியில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கட்டட விவரிப்பு அமைப்பு இதன் முன்னோடியாகும். ஒரே உறுப்பைப் பல வரைபடங்களில் திரும்பத் திரும்ப வரைவதால் உழைப்பு வீணாவதோடு, அவை ஒன்றோடொன்று முரண்படவும் நேர்கிறது. கட்டடத்தை உறுப்புகளின் தொகுதியாகக் கணினியில் ஒருமுறை விவரித்துவிட்டால் வேண்டிய படங்களை அதிலிருந்து பெறலாம் என்பது அவர் வாதம்.

இவ்வாதம் வணிக வடிவம் பெற்றது எதிர்பாராத இடத்தில். 1982-இல், அதாவது ஆட்டோடெஸ்க் தோன்றிய அதே ஆண்டில், அன்று சோசலிச நாடாக இருந்த ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் காபோர் போயார் கிராபிசாப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளுக்கென எழுதப்பட்ட ஆர்க்கிகேட், சுவரைச் சுவராகவும் கதவைக் கதவாகவும் கையாண்டது. இதனோடு 1985-இல் மெக்கின்டாஷ் கணினிக்கென வெளிவந்த மினிகேட் என்னும் மென்பொருளையும் கருத வேண்டும்; அதுவே பின்னர் வெக்டர்வொர்க்ஸ் எனப் பெயர் மாறியது. இவ்விரண்டும் இன்று நெமெட்செக் என்னும் ஜெர்மானியக் குழுமத்தின் உடைமை.

மென்பொருளுக்கு முன்பே கணினித் தேர்வு நிகழ்ந்துவிடுகிறது என்பதை இங்குக் காணலாம். ஆட்டோகேட் 1990-களின் நடுவில் மெக்கின்டாஷைக் கைவிட்டு 2010-இல்தான் மீண்டது. ரெவிட்டும் 3டிஎஸ் மேக்ஸும் விண்டோஸில் மட்டுமே இயங்குவன. முதலாண்டில் மடிக்கணினி வாங்கும் மாணவர், தாம் இன்னும் பெயர்கூட அறியாத மென்பொருள்களுள் சிலவற்றை அப்போதே விலக்கிவிடுகிறார்.

2000: இரண்டு விடைகள்

2000-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. ஏப்ரலில் ரெவிட்டின் முதற்பதிப்பும் ஆகஸ்டில் ஸ்கெட்ச்அப்பின் முதற்பதிப்பும் வெளிவந்தன. இரண்டுமே கோட்டு வரைபடத்தின்மீது கொண்ட நிறைவின்மையிலிருந்து பிறந்தவை. ஆயினும் அவை சென்ற திசைகள் முற்றிலும் எதிரெதிரானவை.

ரெவிட்டை உருவாக்கியவர்கள் லியோனிட் ரைஸ், இர்வின் ஜங்ரைஸ் ஆகியோர். எந்திர உறுப்புகளை அளவுருக்களால் வடிவமைக்கும் புரோ/எஞ்சினியர் என்னும் மென்பொருளை வழங்கிய நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். எந்திரவியலில் செயற்பட்ட அம்முறையைக் கட்டடத்துக்குக் கொணர 1997-இல் தனி நிறுவனம் கண்டனர். ஓரிடத்தில் செய்யும் திருத்தம் எல்லாப் படங்களிலும் உடன் நிகழ வேண்டும் என்பதே ரெவிட்டின் அடிப்படை. கதவு சுவருக்குரியது, சுவரை நீக்கினால் கதவும் நீங்கும். சதர்லேண்டு காட்டிய உறவுகளின் வரைபடம் இங்கே மீண்டும் உயிர்பெறுகிறது. ஆட்டோடெஸ்க் 2002-இல் 133 மில்லியன் டாலருக்கு அந்நிறுவனத்தை வாங்கியது.

ஸ்கெட்ச்அப்போ கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் பிராட் ஷெல், ஜோ எஷ் ஆகியோர் தொடங்கிய அட் லாஸ்ட் சாப்ட்வேர் என்னும் சிறு நிறுவனத்தின் படைப்பு. இங்குச் சுவரும் இல்லை, கதவும் இல்லை. விளிம்புகளும் அவை சூழ்ந்த பரப்புகளும் மட்டுமே உண்டு. ஒரு பரப்பைச் சுட்டியால் பற்றித் தள்ளினால் உள்ளே செல்லும், இழுத்தால் பெட்டியாகும். ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளத்தக்க இவ்வெளிமை, மாதக்கணக்கில் கட்டளைகளை மனனம் செய்த மாணவருக்கு விடுதலையாகவே தோன்றியிருக்க வேண்டும்.

இவ்விரண்டில் எது உள்ளகக் கட்டடக்கலைக்கு அணுக்கமானது? ரெவிட் கட்டடத்தை அறியும்; ஆனால் அது அறிந்த கட்டடம் புதிதாக எழுப்பப்படும் கட்டடம். நேர்க்கோணம் பிசகிய பழைய சுவர், ஒரு மூலையில் தாழ்ந்த தளம், இடத்துக்கு இடம் தடிப்பு மாறும் பூச்சு ஆகியவையே உள்ளக மாணவர் நாள்தோறும் எதிர்கொள்பவை. இவற்றை அதில் உள்ளபடி வடிப்பது பெருமுயற்சி. தனித்து வடிவமைத்த ஓர் அலமாரியை அமைக்க, ‘ஃபேமிலி’ எனப்படும் உறுப்புவகையை அளவுருக்களோடு புதிதாக இயற்ற வேண்டும். ஒருமுறை மட்டுமே செய்யப்படும் மரவேலைக்கு அவ்வுழைப்பு மிகை. மறுபுறம், முடிப்புப் பட்டியல், கதவுப் பட்டியல், தளப்பரப்பின் அளவு ஆகியவற்றை அது பிழையின்றித் தருகிறது. பல மாடிகளில் நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட விடுதிக்கோ மருத்துவமனைக்கோ இது இன்றியமையாதது.

ஸ்கெட்ச்அப்பின் பரப்புக்குத் தடிப்பு இல்லை. சுவர் என்பது எதிரெதிரே நிற்கும் இரு தாள்கள். வளைவு என்பது சிறுசிறு நேர்க்கோடுகளின் தொடர். தனிக்குழுவாகப் பிரிக்காவிட்டால் மேசை தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஆயினும் அறைக்குள் நின்று நோக்கும் பார்வையில் சிந்திக்க அது இடமளித்தது. உள்ளகத்தைப் பொறுத்தவரை நாம் காண்பதும் தொடுவதும் பரப்பையே அன்றோ. இக்காரணத்தால் தொடக்க வடிவாக்கத்துக்கு அது மாணவரிடம் வேரூன்றியது. 2006-இல் தோன்றிய ‘3டி வேர்ஹவுஸ்’ என்னும் பொதுக்களஞ்சியம் ஆயத்தமான நாற்காலிகளையும் விளக்குகளையும் வாரி வழங்கியது. அதன் மறுபக்கமும் உண்டு. களஞ்சியத்தில் கிடைக்கும் நாற்காலியே அறையின் நாற்காலி ஆகிவிடுகிறது. வரைந்து பார்த்துத் தேர்வதற்கு மாறாக, தேடிப் பார்த்துத் தேர்வது வடிவமைப்பாக மாறுகிறது. மாணவர் படைப்புகள் ஒன்றுபோல் தோன்றுவதற்கு ஆசிரியர்கள் கூறும் காரணங்களுள் இதற்கும் இடம் தரவேண்டும்.

1998-இல் முதற்பதிப்பு கண்ட ரைனோ, வளைபரப்புகளைத் துல்லியமாகக் கையாளும் தன்மையால் இருக்கை, விளக்கு போன்ற தனிப்பொருள் வடிவமைப்பில் தனியிடம் பெற்றது. 3டிஎஸ் மேக்ஸும், பல்கேரியாவில் உருவான வி-ரே என்னும் ஒளிவடிப்பு மென்பொருளும் வாடிக்கையாளருக்குக் காட்டும் படத்தின் துறையைக் கைப்பற்றின. இவை மாணவரின் முதன்மைத் தேர்வாக அன்றி இரண்டாம் கருவியாகவே பெரிதும் அமைந்தன.

இலவசத்தின் பொருளியல்

கருத்தாக்கம் எதுவாயினும், மாணவரின் தேர்வை இறுதியில் வரையறுத்தது உரிமமே. ஆட்டோகேடின் உரிமமற்ற படிகள் நெடுங்காலம் பல நாடுகளிலும் கைமாறின என்பது துறையினர் அறிந்ததே. கல்விக்கென வழங்கப்பட்ட பதிப்பில் வரைந்த படத்தை அச்சிட்டால், தாளின் ஓரங்களில் அது மாணவர் பதிப்பில் உருவானது என்னும் வாசகமும் முன்பு சேர்ந்து அச்சாகிவந்தது. அப்படத்தின் ஒரு பகுதியை வேறு கோப்பில் சேர்த்தால் அங்கும் அம்முத்திரை தொற்றிக்கொண்டது. பயிற்சிப் பணிக்குச் சென்ற மாணவரின் கோப்பு, அலுவலகக் கோப்பில் கறையை ஏற்படுத்தியது.

2014-இன் இறுதியில் ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களை உலகெங்கும் உள்ள மாணவர்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் இலவசமாக்குவதாக அறிவித்தது. 2016-இல் அதே நிறுவனம் தன் பெரும்பாலான மென்பொருள்களுக்கு நிலையான உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. இவ்விரு முடிவுகளையும் இணைத்து வாசிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. பயிலும் ஆண்டுகளில் பழக்கம் இலவசமாக ஊட்டப்படுகிறது. பயின்று முடித்ததும் அப்பழக்கத்துக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த நேர்கிறது. 2020-இல் பிரித்தானியாவின் முன்னணிக் கட்டடக்கலை நிறுவனங்கள் பல, ரெவிட்டின் செலவு உயர்ந்துவருவதையும் அதன் வளர்ச்சி அதற்கு ஈடாக அமையாததையும் கண்டித்துத் திறந்த மடல் எழுதின. ஜாஹா ஹதீத் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. அத்தகைய நிறுவனங்களே விலகிச்செல்ல இயலாமல் மடல் எழுதும் நிலையில், தனித்துத் தொழில் தொடங்கும் பட்டதாரியின் நிலையைக் கூறத் தேவையில்லை.

ஸ்கெட்ச்அப்பின் இலவச வரலாறு வேறு வகையானது. 2006-இல் அதனை வாங்கிய கூகுளுக்கு, கூகுள் எர்த்தில் நிறுத்துவதற்கு முப்பரிமாணக் கட்டடங்கள் தேவைப்பட்டன. பொதுமக்களே அவற்றை வரைந்து தருமாறு இலவசப் பதிப்பு வெளியிடப்பட்டது. வான்வழிப் படங்களிலிருந்து கட்டடங்களைத் தானாக உருவாக்கும் முறை கைவந்த 2012-ஆம் ஆண்டிலேயே அது டிரிம்பிள் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கணினியில் நிறுவத்தக்க இலவசப் பதிப்பு 2017-ஓடு நின்றது. ஒரு தலைமுறை மாணவர்களின் வடிவமைப்புப் பழக்கம், நிலப்படத் தொழிலின் தேவையால் உருவாகி, அத்தேவை தீர்ந்ததும் இடம்பெயர்ந்தது எனலாம்.

பிளெண்டரின் கதை இதற்கு நேர்மாறு. நெதர்லாந்தில் டோன் ரூசண்டால் உருவாக்கிய அம்மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, அதன் உரிமையை மீட்க வேண்டிய 1,00,000 யூரோ 2002-இல் ஏழு வாரங்களில் பயனரிடமிருந்து திரட்டப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அது கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. கட்டடத்துக்கென எழுதப்படாத அதனைக் கட்டட வரைபடத்துக்குப் பழக்குவது எளிதன்று. எனினும் பட்டம் பெற்ற மறுநாள் அது பூட்டப்படுவதில்லை. ரைனோவின் கல்வி உரிமமும் காலாவதியாகாதது என்பதை உடன் குறிப்பிடலாம்.

கோப்பும் ஆவணமும்

மென்பொருளைத் தேர்வது கோப்பு வடிவத்தைத் தேர்வதும் ஆகும். ஆட்டோகேடின் டி.டபிள்யூ.ஜி. வடிவம் வெளியிடப்படாத அமைப்புடையது. அதனைப் பிற மென்பொருள்களும் படிக்க வேண்டும் என்று 1998-இல் ஓப்பன் டி.டபிள்யூ.ஜி. கூட்டமைப்பு தோன்றியது, 2006-இல் ஆட்டோடெஸ்க் அக்கூட்டமைப்பின்மீது வழக்குத் தொடுத்து, மறு ஆண்டு இணக்கம் கண்டது. ரெவிட் கோப்பைப் புதிய பதிப்பில் சேமித்துவிட்டால் முந்தைய பதிப்பில் திறக்க இயலாது. குழுப்பணியில் ஒருவர் மட்டும் புதிய பதிப்பை நிறுவியதால் ஏனையோர் அனைவரும் மாற வேண்டிய கட்டாயம் எழுவது வகுப்பறைகளில் பரவலான நிகழ்வு.

வடிவமைப்புக் கல்வியின் வரலாற்றை எழுத முனைவோருக்கு இது நேரடி இடர். வரைபலகைக் காலத்து மாணவரின் டிரேசிங் தாளை இன்றும் விரித்துப் படிக்கலாம்; அழித்துத் திருத்திய தடத்தைக்கூடக் காணலாம். சந்தா மென்பொருளில் உருவான ஆய்வுத்திட்டத்தை அதன் ஆசிரியரே சில ஆண்டுகளுக்குப் பின் திறக்க இயலாமற் போகலாம். எஞ்சுவது ஒப்படைப்புக்கென எடுத்த பி.டி.எஃப். படம், வடிவம் உருவான முறை அதில் இராது. ஸ்கெட்ச்பேடு நிரல் டி.எக்ஸ்-2 என்னும் ஒரே கணினிக்கென எழுதப்பட்டது. ஆனால் தாளில் தட்டச்சான அதன் ஆய்வேடு 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தால் மின்பதிப்பாக்கப்பட்டு எவரும் படிக்கக் கிடைக்கிறது.

1990-களின் நடுவில் தொடங்கிய முயற்சியால் உருவாகி, 2013-இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட ஐ.எஃப்.சி. வடிவம் இதற்கு ஒரு தீர்வு. இறுதியாண்டுத் திட்டங்களை மூலக்கோப்போடு ஐ.எஃப்.சி. வடிவிலும் பெற்றுப் பாதுகாக்குமாறு துறைகள் விதிக்கலாம். ஆயினும் அதிலும் உள்ளகத் துறைக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. சுவர், கதவு, சாளரம், படி ஆகியவற்றுக்கும் அறைக்கலனுக்கும் அத்தரத்தில் தனித்தனி வகைகள் உள்ளன. சுவரோடு சேர்த்துச் செய்த இருக்கையோ, நூலடுக்கும் தடுப்பும் ஒன்றான மரவேலையோ ஏற்றுமதியாகும்போது பெரும்பாலும் எவ்வகையிலும் சேராத உறுப்புகளுக்கென ஒதுக்கிய பொதுவகைக்குள் சென்று விழுகிறது.